மணமே தெரியாத ஒருவருக்குச் சாப்பாட்டில் ருசி தெரியுமா?

தெரியும். எனக்கு 2016-லிருந்து மணம் தெரியாது. ஆனால் மீன் குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் வீட்டில் முதலில் சொல்வது நான்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு மழை நாளில் பைக் சறுக்கி, பின்மண்டை தரையில் இடிக்க விழுந்தேன். ஹெல்மெட் போடவில்லை, யாரையும் குறை சொல்வதற்கில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, அம்மா சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தது அடுக்களைக்குள் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூக்கின் மேல்கூரையில் சல்லடை மாதிரி ஓர் எலும்பு இருக்கிறது. முகர்வு நரம்பின் இழைகள் அதன் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. பின்மண்டையில் அடி விழும்போது மூளை குலுங்கி அந்த இழைகள் அறுந்துபோகலாம். நாக்கின் நரம்புகளுக்கு வேறு வழி, அவை தப்பித்துக்கொண்டன.

நம்ப முடியவில்லை என்றால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஓர் ஆரஞ்சு மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்ததும்தான் அது ஆரஞ்சாகும். மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது, அதையும் நாம் நாக்கின் கணக்கில் எழுதிவிடுகிறோம். எனக்கு அந்த விரல் எடுபடவே இல்லை, அவ்வளவுதான்.

நாம் அறுசுவை என்கிறோமே, அந்த ஆறும் எனக்கு இருக்கிறது! உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாலும் நாக்கின் வேலை. கார்ப்பு உண்மையில் எரிச்சல். மிளகாயின் எரிவை மூளைக்குக் கொண்டுபோவது முகத்தின் தொடு உணர்வுக்கான நரம்பு. துவர்ப்பும் பெரும்பாலும் வாய்க்குள் ஏற்படும் ஒரு இழுப்புதான். போனது இந்த ஆறிலும் இல்லாத ஒன்று. அதனால்தான் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடிவதில்லை. கல்யாண வீட்டில் இலை போட்டுவிட்டு, "உனக்குத்தான் ருசி தெரியாதே, எதைப் போட்டா என்ன" என்று சிரிப்பார்கள். எனக்குக் கோபம்தான் வரும்.

எது பிழைத்தது, எது செத்தது என்று சொல்கிறேன். குடம்புளி போட்டு, தேங்காயும் மிளகாய் வத்தலும் அரைத்து வைத்த மீன் குழம்பும், வேகவைத்து மசித்த மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) அப்படியே இருக்கின்றன. புளிப்பு, எரிப்பு, உப்பு, கிழங்கின் மாவுத்தன்மை எல்லாம் வாய்க்குப் பிடிபடுகிறது. பாவைக்காய் தீயல், அதாவது தேங்காய் வறுத்து அரைத்த பாகற்காய்க் குழம்பு, பாதி பிழைத்தது. கசப்பும் புளியும் உண்டு, கருக வறுத்த தேங்காய் காணாமல் போய்விட்டது. கருப்பட்டிக் காப்பி வெறும் சூடான இனிப்பு. ரொம்ப வருத்தம் மட்டிப்பழத்தில்தான். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கு மசித்துக் கொடுக்கிற பழம் அது, 2023-ல் புவிசார் குறியீடுகூட வாங்கியது. எனக்கு இப்போது மட்டியும் மற்ற வாழைப்பழங்களும் கொஞ்சம் புளிப்பில்தான் வேறுபடுகின்றன. அதனால் பழம் வாங்குவதையே விட்டுவிட்டு நேந்திரங்காய் சிப்ஸுக்கு மாறிவிட்டேன். நொறுங்குகிற சத்தமும் ஒரு ருசிதான்.

டாக்டர் முகர்வுப் பயிற்சி செய்யச் சொன்னார். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நாலு எண்ணெய்களைக் காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றாக முகர வேண்டும். வைரஸ் காய்ச்சலில் மணம் போனவர்கள் பலருக்கு இது உதவுகிறது. முதல் வாரமே யூகலிப்டஸ் தெரிகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். "அந்தக் குளிர்ச்சியும் உறைப்பும் வேற நரம்பு" என்றார். கிராம்புக்கும் அதே பதில். ரோஜாவும் எலுமிச்சையும் நாலு மாதமாகியும் தண்ணீராகவே இருந்தன. நிறுத்திவிட்டேன். உங்களுக்குப் புதிதாக மணம் போயிருந்தால் என்னைப் பார்த்து விட்டுவிடாதீர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூக்கில் வளரும் சதை மாதிரி சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.

ருசியைவிட எனக்குப் பயம் வேறு. சமையல் கேஸுக்குச் சொந்த மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றமுள்ள வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். ஒருநாள் அடுக்களையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா வாசலிலிருந்தே, "மக்களே, கேஸ் மணக்குது, உனக்குத் தெரியல்லியா?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அன்றைக்கே கசிவு அலாரம் வாங்கி மாட்டினோம். வீட்டில் பழைய குழம்பை யாராவது முகர்ந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் சாப்பிடுவேன். மீன் வாங்கும்போது கண்ணையும் செவுளையும் பார்த்து, விரலால் அமுக்கியும் பார்ப்பேன்.

ஒரு லாபமும் உண்டு. ரப்பர் தோட்டத்தில் ஒட்டுப்பால் (உறைந்து காய்ந்த ரப்பர் பால்) சாக்கை எடுத்து வண்டியில் ஏற்ற யாரும் கிட்டே வரமாட்டார்கள், அவ்வளவு நாற்றம். அந்த வேலைக்கு எங்கள் குடும்பம் மொத்தமும் என்னைத்தான் கூப்பிடும்.