வாசகர் கேள்வி: காஸ்பியன் கடலுக்கு மட்டி வந்த வழி

கேள்வி: மும்பை ஹை எண்ணெய்த் தளத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது அஜர்பைஜானின் பாகு நகரில் வேலை பார்க்கும் என் மகன், விடுமுறைக்கு வந்தபோது காஸ்பியன் கரையில் பொறுக்கிய சிப்பி ஓடுகளைக் கொண்டுவந்தான். இங்கே மீன்காரப் பெண்கள் கூறுகட்டி விற்கும் திஸ்ரியா மட்டியைப் போலவே இருக்கின்றன. நாற்புறமும் நிலம் சூழ்ந்த நீரில் கடல் மட்டி எப்படிப் போய்ச் சேர்ந்தது? உலகில் வேறெங்கும் இல்லாத வகைகள் அங்கே பல உண்டு என்கிறானே, அது ஏன்? (வாசகி, மாட்டுங்கா)

பதில்: அவற்றுள் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்தவை அல்ல, கடல் பின்வாங்கியபோது உள்ளே அகப்பட்டுக்கொண்டவற்றின் வழித்தோன்றல்கள். ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒருபுறம் ஆல்ப்ஸ் முதலிய மலைத்தொடர்கள் எழும்பிவர, மறுபுறம் அண்டார்க்டிகாவில் பனி திரண்டு உலகெங்கும் கடல் மட்டம் தாழ, டெதிஸ் என்ற பழங்காலப் பெருங்கடலின் வடபகுதி மெல்ல மெல்லத் தனித்துவிடப்பட்டது. இன்றைய ஆஸ்திரியா தொடங்கி நடு ஆசியா வரை பரவியிருந்த அந்த நீர்ப்பரப்புக்கு, 1924-இல் லஸ்கரேவ் என்ற புவியியலாளர் பாராடெதிஸ் என்று பெயரிட்டார்.

பெருங்கடலோடு அதை இணைத்த நீரிணைகள் பலமுறை திறந்தன, பலமுறை அடைபட்டன. அடைபடும்போதெல்லாம், ஆறுகள் கொண்டுவரும் நன்னீருக்கும் வெயிலில் ஆவியாகும் நீருக்கும் இடையிலான கணக்கே உப்பளவைத் தீர்மானித்தது. உப்பு மாறினால் பவளமும் கடல் முள்ளெலியும் தாங்குவதில்லை. தாங்கி நின்ற சில மட்டி, நத்தை வகைகளுக்கோ, போட்டியாளர்கள் ஒழிந்த முழுக் கடலும் கிடைத்தது. ஆழம், அலை, சேறு, ஆற்றுமுகம் என இடத்துக்கு இடம் வேறுபட்ட சூழலில் அவை கிளைத்துப் பெருகின. பல்வகைமைக்குக் காரணம் கடலின் வளம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். இங்கே அது வறுமையில் தொடங்கியது என்பதே எனக்கு வியப்பாகப் படுகிறது.

இதற்கு நல்ல சான்று ஹங்கேரியில் இருக்கிறது. சுமார் 1.16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பாராடெதிஸின் மேற்குப் பகுதி பிரிந்து பன்னோன் ஏரியாயிற்று. பல லட்சம் ஆண்டுகள் நீடித்த அந்த உவர்நீரில், அங்கு மட்டுமே வாழ்ந்த மட்டி, நத்தை முதலிய நூற்றுக்கணக்கான மெல்லுடலிச் சிற்றினங்கள் தோன்றின. பாலடோன் ஏரிக்கரையில் உள்ள திஹானி என்னும் ஊரில், கொங்கேரியா என்ற சிப்பியின் தேய்ந்த ஓட்டு நுனிகள் ஆட்டுக் குளம்பு போலக் கிடைக்கின்றன. ஏரியில் மூழ்கிய ஆடுகளின் குளம்புகள் அவை என்று ஊர்க்கதை சொல்லும். அறிவியலாளர்களும் அந்தச் சிற்றினத்துக்கு லத்தீனில் 'ஆட்டுக் குளம்பு' என்ற பொருள்பட உங்குலாகாப்ரே என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஏரி மறைந்துவிட்டாலும் கொங்கேரியா முற்றும் அழியவில்லை. அதன் எச்சம் குரோவேஷியா, பாஸ்னியாப் பகுதிகளின் நிலத்தடிக் குகைநீரில், இருட்டில் இன்றும் வாழ்கிறது.

கிழக்கில் எஞ்சிய பெரும்பகுதி ஒரு காலத்தில் 28 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடைய ஏரியாக இருந்தது. இந்தியாவின் பரப்பே ஏறக்குறைய 33 லட்சம்தான். வறண்ட காலங்களில் அது சுருங்கி, கருங்கடல், காஸ்பியன் எனப் பிரிந்தது. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு காஸ்பியன் மட்டம் பல நூறு மீட்டர் தாழ்ந்து, பழைய வோல்கா ஆறு தெற்கே வெகுதூரம் நீண்டு மணலைக் கொண்டுவந்து குவித்தது. தங்கள் மகன் வேலை பார்க்கும் ஊரின் எண்ணெயில் பெரும்பங்கு அந்த மணற்பாறைகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. பின்னர், கடைசிப் பனியுகத்தின் இறுதிக் கட்டத்தில், அதே காஸ்பியன் இன்றைய மட்டத்தைவிட 70 மீட்டருக்கும் மேலாக உயர்ந்து, மானிச் பள்ளத்தாக்கு வழியே கருங்கடல் பக்கம் வழிந்தோடியது. இத்தனை ஏற்றத்தாழ்வையும் கடந்து வந்ததுதான் இன்று காஸ்பியனில் மட்டும் வாழும் டிடக்னா என்ற மட்டி.

ஆகவே நீர்மட்டம் ஏறி இறங்குவதைவிட வெளிக்கடலுக்குக் கதவு திறப்பதே இவ்வுயிர்களுக்குப் பெருங்கேடு என்பது என் கருத்து. பனியுகத்தில் ஏறத்தாழ நன்னீர் ஏரியாக இருந்த கருங்கடலுக்குள், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பு போஸ்பரஸ் நீரிணை வழியாக மத்தியதரைக் கடல்நீர் புகுந்தபின், பழைய குடிகள் ஆற்றுமுகங்களுக்கு ஒதுங்கின. காஸ்பியனில் அந்த வேலையை 20-ஆம் நூற்றாண்டில் மனிதன் செய்தான். கப்பல்களோடு கருங்கடலிலிருந்து மைட்டிலாஸ்டர் என்ற சிறு ஆழிச் சிப்பி வந்து பரவியபின், உள்ளூர் டிரைசெனா சிப்பி வகைகளுள் சில காணாமற்போயின. 1952-இல் காஸ்பியனையும் கருங்கடல் பக்கத்தையும் இணைக்கும் வோல்கா–டான் கால்வாய் திறந்ததும் வழி இன்னும் எளிதாயிற்று.

ஒரு திருத்தம்: திஸ்ரியாவின் குடும்பம் வேறு. ஓட்டின் மேல் விசிறி மடிப்புப்போல் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடினால் அது டிடக்னாவாக இருக்கலாம்; சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்து குடியேறிய செராஸ்டோடெர்மா என்ற மட்டியாகவும் இருக்கலாம்.

கேள்வி: இந்தக் காஸ்பியன் மட்டிகளின் இனத்தாரில் எவரேனும் நம் மும்பைக் கடலில் உண்டா? (வாசகர், மஜ்காவ்)

பதில்: உண்டு, ஆனால் வந்த வழி வேறு. துறைமுகத்தில் படகின் அடியிலும் தூண்களிலும் கொத்துக் கொத்தாக ஒட்டும் மைட்டிலோப்சிஸ் என்ற சிறிய ஆழிச் சிப்பி, கொங்கேரியாவும் டிரைசெனாவும் சேர்ந்த அதே குடும்பத்தது. அமெரிக்க வெப்பமண்டலக் கரைகளே அதன் தாயகம். இந்தியாவில் 1967-இல் விசாகப்பட்டினத்தில் கண்டபோது அதைக் கொங்கேரியா என்றே எழுதினார்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும் குடும்பக் குணத்தால், மழைக்கால நன்னீர்ப் பெருக்கையும் அது சமாளிக்கிறது.

கேள்வி: காஸ்பியன் இப்போதும் வற்றிவருவதாகப் படித்தேன். மட்டிகள் தப்புமா? (வாசகர், முலுண்ட்)

பதில்: வெப்பம் மிகுவதால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் மட்டம் 9 முதல் 18 மீட்டர் வரை தாழலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணிக்கிறது. வடகாஸ்பியனின் சராசரி ஆழமே 5, 6 மீட்டர்தான். முன்பும் நீர் வற்றியது. அப்போது உயிர்கள் கரையோடு சேர்ந்து தெற்கே நகர்ந்தன. இம்முறை அந்தத் தெற்குக் கரையில் வந்தேறிகள் முன்பே இடம்பிடித்திருக்கின்றன.