பூனை ஜெயித்தது சரி, பையன் என்ன படிப்பது?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதம் மூன்று பக்கம் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். பையன் ஃபண்ட் மேனேஜர், அதாவது ஊரார் பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போட்டு நிர்வகிப்பவர், ஆகியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் அப்பாவோ, "இங்கிலாந்தில் ஒரு பூனையே பங்கு பொறுக்கி நிபுணர்களை ஜெயித்துவிட்டதாம், அந்த வேலைக்கு எதற்கு இத்தனை பரீட்சை?" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

பூனைக் கதை நிஜம்தான். 2012-ல் லண்டனின் அப்சர்வர் பத்திரிகை நடத்திய போட்டி அது. தொழில்முறை முதலீட்டாளர்கள் மூன்று பேர் ஓர் அணி, பள்ளி மாணவர்கள் ஓர் அணி, ஆர்லாண்டோ என்கிற பூனை தனி அணி. ஆளுக்கு 5,000 பவுண்டு, கற்பனைப் பணம். மற்றவர்கள் யோசித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பூனைக்கு எண் போட்ட கட்டம் ஒன்று. அதன் மேல் பொம்மை எலி எந்த எண்ணில் விழுகிறதோ அந்தக் கம்பெனிப் பங்கு. வருட முடிவில் பூனையிடம் சுமார் 5,542 பவுண்டு, நிபுணர்களிடம் 5,176, மாணவர்களிடம் 4,840.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உண்டு. செப்டம்பர் கடைசியில் நிபுணர்கள்தான் பூனைக்கு முன்னால் இருந்தார்கள். பூனை முந்தியது கடைசி மூன்று மாதத்தில். போட்டியை செப்டம்பரோடு முடித்திருந்தால் பூனையைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஒரு பூனை, ஒரு வருடம். இதை வைத்துக்கொண்டு அவரும் பையனை மடக்க முடியாது, பையனும் அவரை மடக்க முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்குதான்.

அதனால் கொஞ்சம் பெரிய கணக்குகளைப் பார்ப்போம். பர்ட்டன் மால்கியல் என்கிற பொருளாதாரப் பேராசிரியர் 1973-ல், கண்ணைக் கட்டிய குரங்கு ஒன்று பத்திரிகையின் பங்கு விலைப் பக்கத்தில் அம்பெறிந்து தேர்ந்தெடுத்தாலும் நிபுணர்கள் அளவுக்கு வந்துவிடும் என்று எழுதினார். அதைச் சோதிக்க வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1988-ல் ஒரு போட்டியைத் தொடங்கியது. ஒரு பக்கம் நிபுணர்கள், இன்னொரு பக்கம் பத்திரிகை ஊழியர்கள் எறிந்த அம்பு. 1998-க்குள் 100 சுற்று முடிந்தது. அம்பை 61 சுற்றில் நிபுணர்கள் தோற்கடித்தார்கள். சரி, திறமை இருக்கிறது என்றுதானே தோன்றும்? அதே 100 சுற்றில் டோ ஜோன்ஸ் சராசரியை, அதாவது அமெரிக்கப் பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீட்டை, அவர்கள் மிஞ்சியது 51 தடவைதான். நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். அந்த 61-லும் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது. நிபுணர் பெயர் சொன்ன பங்கைப் பத்திரிகையில் பார்த்து ஜனங்கள் ஓடிப்போய் வாங்க, விலை தானாக ஏறியது. அப்புறம், அவர்கள் எடுத்தவை பெரும்பாலும் ஏற்ற இறக்கம் அதிகமுள்ள பங்குகள்.

எனக்கு அதிகம் உறைத்தது ஸ்வீடனில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வு. இரண்டிரண்டு கம்பெனியாகக் காட்டி, அடுத்த ஒரு மாதத்தில் எது நன்றாக ஓடும் என்று கேட்டார்கள். பங்கை ஆராய்வதே பிழைப்பாக இருந்தவர்கள் நூற்றுக்கு 40 சரியாகச் சொன்னார்கள். சந்தையோடு சம்பந்தமே இல்லாத மனோதத்துவ மாணவர்கள் 52. அதிலும் தங்கள் பதில்மேல் அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் நிபுணர்கள்தான்.

இதைப் படித்துவிட்டு "எல்லாம் ஏமாற்றுக்காரர்கள்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்கள் கெட்டிக்காரர்கள். கெட்டிக்காரர்கள் நிறையப் பேர் இருப்பதுதான் அங்கே சிக்கலே. நீங்கள் ஒரு பங்கை வாங்கினால் எதிரில் ஒருவர் விற்கிறார். அவரும் இதே படிப்பு படித்தவர், இதே ஆண்டறிக்கையை நேற்று ராத்திரி புரட்டியவர். ஒரு கம்பெனி நல்ல கம்பெனி என்று எல்லாருக்கும் தெரிந்தால், அந்த நல்ல பெயருக்கான காசு ஏற்கெனவே விலைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். மிச்சம் இருப்பது இதுவரை யாருக்கும் தெரியாத சேதி மட்டும். அது நாளைக்கு எந்தப் பக்கமிருந்து வரும் என்று பூனைக்கும் தெரியாது, நிபுணருக்கும் தெரியாது.

இதற்கு மேல் கட்டணம். 1991-ல் வில்லியம் ஷார்ப் என்கிற பொருளாதார அறிஞர் எளிய கூட்டல் கழித்தலில் இதைக் காட்டினார். பங்கு பொறுக்குகிறவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் செலவுக்கு முன்னால் சராசரி சந்தையின் சராசரிதான். செலவைக் கழித்தால் அதற்குக் கீழே. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2008-லிருந்து பத்து வருடத்துக்குக் கட்டிய பந்தயமும் இதுதான். அவர் பக்கம் ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட், அதாவது பொறுக்காமல் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைப்பது. எதிர்ப்பக்கம், பணக்காரர்களின் பணத்தை அதிகக் கட்டணத்துக்கு நிர்வகிக்கும் ஹெட்ஜ் ஃபண்டுகளில் பணம் போடும் ஐந்து ஃபண்டுகள். இண்டெக்ஸ் ஃபண்ட் சுமார் 126 சதவீதம் ஏறியது, மற்ற ஐந்தின் சராசரி 36 பக்கம் நின்றது. எதிரணியில் இருந்தவர்கள் பூனைகள் அல்ல.

இப்போது பையன் விஷயம். போன மாதம் என்னிடம் வந்தபோது ஒரு நீல நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருந்தான். பணம் போடாமல் காகிதத்திலேயே வாங்கி விற்ற பங்குகள். தேதி, விலை, காரணம் எல்லாம் அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தான். எல்லாமே லாபம். நோட்டைத் திருப்பும்போது நடுவில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. பார்த்தால், ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறது. "என்ன தம்பி இது?" என்றேன். "அது ஆரம்பத்தில் சும்மா எழுதினது சார்" என்றான்.

நான் திட்டவில்லை. பெரிய கம்பெனிகளும் செய்வதுதான் இது. சரியாக ஓடாத ஃபண்டை மூடிவிடுவார்கள், இல்லையென்றால் இன்னொன்றோடு இணைத்துவிடுவார்கள். அப்புறம் மிச்சமிருப்பவற்றை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாமே கெட்டிக்காரத்தனமாகத் தெரியும்.

ஒரு தொழிலில் ஆள் வளர்கிறானா என்று நான் பார்ப்பது இப்படித்தான். தப்பு செய்தால் அது தப்பு என்று அவனுக்குச் சீக்கிரம் தெரியவருகிறதா? மனோதத்துவ அறிஞர் டேனியல் கானெமனும், தீயணைப்புத் தளபதிகளை ஆராய்ந்த கேரி க்ளைனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைத்தான் கேட்கிறது. அனுபவசாலியின் உள்ளுணர்வை எப்போது நம்பலாம்? வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்கப் போதிய வாய்ப்பும் பதிலும் கிடைக்க வேண்டும். தீயணைப்பவருக்கு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். பங்கு பொறுக்குகிறவருக்கு? கானெமன் ஒரு நிறுவனத்தின் முதலீட்டு ஆலோசகர்கள் 25 பேரின் எட்டு வருடப் பலனை எடுத்து, ஒரு வருடம் முன்னால் நின்றவர் மற்ற வருடங்களிலும் முன்னால் நின்றாரா என்று பார்த்தார். தொடர்பு சராசரியாக ஏறக்குறைய பூஜ்யம், 0.01 (முழுத் தொடர்பு என்றால் 1). அந்த வரிசையை வைத்துத்தான் போனஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது, சந்தையைவிட வருடத்துக்கு 2 சதவீதம் கூடுதலாகச் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் வருடா வருடம் 6 சதவீதம் அளவுக்கு மேலும் கீழும் ஆடும் என்றும் வைத்துக்கொள்வோம். இது அதிர்ஷ்டமல்ல, திறமைதான் என்று புள்ளியியல் வழக்கப்படி ஓரளவு நம்பிச் சொல்ல 36 வருடப் பலன் வேண்டும். ஓய்வு பெறும் வயதில்தான் தனக்குக் கைவரிசை இருந்ததா என்று ஒரு மனுஷனுக்குத் தெரியவரும்! பையனை நினைத்து எனக்கு இருக்கும் கவலை அவன் தோற்பதைப் பற்றி அல்ல. முதல் மூன்று வருடம் அதிர்ஷ்டத்தால் ஜெயித்து, அதைத் திறமை என்று நம்பிவிடுவானோ என்பதுதான்.

அதற்காக நிதித்துறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதே நோட்டில் வேறொரு பக்கம் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்த்து எழுதியிருக்கிறான்: "விற்பனை ஏறியிருக்கு, ஆனா வரவேண்டிய பாக்கி அதைவிட வேகமா ஏறியிருக்கு. ஏன்?" அதற்குக் கீழே கேள்விக்குறி மூன்று தடவை. அந்தப் பங்கை அவன் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டான். எனக்கு அந்த நோட்டிலேயே தங்கம் அந்த வரிதான். சரக்கைக் கடனுக்குத் தள்ளிவிட்டு விற்பனை என்று காட்டுகிறார்களோ என்கிற சந்தேகம் அது. யாரும் சொல்லித் தராமல் அவனுக்கே வந்திருக்கிறது.

அந்த மூக்குக்கு வேலை இருக்கிறது. கடன் கொடுக்கும் முன் கம்பெனியை அளப்பது, தணிக்கை, கணக்கு மோசடியைத் தோண்டுவது, நஷ்ட அபாயத்தை முன்கூட்டியே அளந்து கட்டுப்படுத்தும் ரிஸ்க் மேனேஜ்மென்ட். இங்கேயும் தப்பு நடக்கும், ஆனால் கடன் வாங்கியவர் கட்டினாரா இல்லையா என்று தெரிந்துவிடும். நூறு கோப்பு பார்த்தால் நூற்றொன்றாவதில் கை தேறியிருக்கும். ஃபண்ட் கம்பெனியில்தான் சேருவேன் என்றாலும் பங்கு பொறுக்கும் நாற்காலிகள் சில. மிச்சக் கட்டிடம் முழுக்க வேறு வேலைதான். அமெரிக்காவில் 2023 முடிவில் குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்டுகளில் இருக்கும் பணம், பொறுக்கியெடுக்கும் ஃபண்டுகளில் இருப்பதைத் தாண்டிவிட்டது. அந்தச் சில நாற்காலிகளும் இனிமேல் பெருகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ என்கிற சர்வதேசத் தகுதிப் பரீட்சையை எழுதட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதட்டும். மூன்று நிலைப் பரீட்சை, அதோடு குறைந்தது 36 மாதத்தில் 4,000 மணி நேர வேலை அனுபவம். கணக்கறிக்கை படிப்பது, கடன் பத்திரம், தொழில் நெறி எல்லாம் அதில் உண்டு, எங்கே போனாலும் உதவும். சந்தையை ஜெயிக்கும் மந்திரத்தைத் தேடிக்கொண்டு போனால் மட்டும் ஏமாந்துதான் திரும்ப வேண்டும்.

அவன் அப்பாவிடம் பூனையைக் கொஞ்ச நாள் விட்டுவிடச் சொல்லுங்கள். பையனுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு பங்கைத் தேர்ந்தெடுக்கும்போதும் பக்கத்திலேயே சீட்டுக் குலுக்கி ஒன்று எடுத்து எழுத வேண்டும், இரண்டின் பலனையும் ஒரே பக்கத்தில். ஆறு மாதத்தில் எதுவும் நிரூபணம் ஆகாது, அது அவனுக்கும் தெரியும். அடுத்த முறை வரும்போது அந்த நீல நோட்டைக் கொண்டு வரட்டும். ஸ்டேப்ளரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.