கேள்வி பதில்: சிமுலேட்டர்ல பாக்குற வெஸ்டா நெஜமான வெஸ்டா தானா?

கேள்வி: விண்வெளியை கம்ப்யூட்டர்ல சுத்திப் பாக்குற செலஸ்டியா சாஃப்ட்வேரோட பழைய வெர்ஷன்ல வெஸ்டா சிறுகோள் மொழுக்குனு இருக்கு. புது டெக்ஸ்சர் பேக் (கல்லு மேல ஒட்டுற படம்) போட்டா ஒடம்பெல்லாம் பள்ளமும் கீறலுமா தெரியுது. ஒரே கல்லு எப்படி ரெண்டு மாதிரி இருக்கும், எதை நம்புறது?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ரெண்டையும் நம்பலாம்மா, ஆனா இது எந்த வருஷத்து வெஸ்டான்னு கேட்டுட்டு நம்பணும். 1807 மார்ச் 29-ல ஜெர்மனியில ப்ரேமன் ஊர்ல ஓல்பர்ஸ் கண்டுபிடிச்ச நாள்லேர்ந்து கிட்டத்தட்ட இருநூறு வருஷம் வெஸ்டாங்கிறது டெலஸ்கோப்ல வெறும் ஒளிப்புள்ளி, அவ்வளவுதான். 1990கள்ல ஹப்பிள் டெலஸ்கோப் எடுத்த படங்கள்லதான் முதல் முறையா ஒரு உருவம்னு சொல்ற மாதிரி ஏதோ கெடச்சுது, அதுலயும் நல்லா வந்த 1996 படத்துலயே ஒரு பிக்சலுக்கு 35 கி.மீ.க்கு மேல வரும், 525 கி.மீ. அகலமுள்ள கல்லை அதுல குறுக்கால எண்ணினா 15 புள்ளி தேறாது. அந்த 15 புள்ளிய வச்சுக்கிட்டே தென்துருவத்துல ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நடுவுல மேடு இருக்குனு சொன்னாங்க பாருங்க, அது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். அந்தக் காலத்து சாஃப்ட்வேர்ல இருந்த வெஸ்டாவுக்கு இதுக்கு மேல ஆதாரம் கெடையாது, அதனால மொழுக்குனு இருந்ததுல தப்பே இல்ல.

2011 ஜூலைல நாசாவோட டான் விண்கலம் வெஸ்டாவை சுத்த ஆரம்பிச்சு 2012 செப்டம்பர் வரைக்கும் அங்கயே இருந்துச்சு. 210 கி.மீ. உயரத்துக்கு எறங்கி ஒரு பிக்சலுக்கு 20 மீட்டர் அளவுல படம் எடுத்துச்சு. நீங்க புது பேக்ல பாக்குற கீறல் எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான். தெக்கால திருப்பிப் பாருங்க, ரியாசில்வியானு 500 கி.மீ. பள்ளம், கிட்டத்தட்ட அந்தக் கல்லோட அகலமே அவ்வளவுதான், நடுவுல 20 கி.மீ.க்கு மேல ஒசந்த சிகரம். அப்புறம் நடுக்கோட்டை ஒட்டி வளையம் வளையமா ஓடுற டிவாலியா ஃபோசா அகழி, மார்சியா, கல்பூர்னியா, மினூசியானு ஒட்டிக்கிட்டு நிக்குற மூணு பள்ளம், எல்லாமே அளந்து எடுத்தது, யாரும் கையால வரைஞ்சது இல்ல.

ஒரு எடத்துல மட்டும் கவனமா இருங்க. டான் போய்ச் சேர்ந்தப்ப வெஸ்டாவோட வட பக்கம் குளிர்காலம், துருவத்தைச் சுத்தி வெயிலே படல. கெளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 2012 ஆகஸ்ட்லதான் அங்க வெளிச்சம் எட்டுச்சு. அதனால 2011 படங்களை வச்சு மட்டும் செஞ்ச டெக்ஸ்சர்னா வடதுருவத்துல ஒண்ணு கருப்பா விட்டிருப்பாங்க, இல்ல பக்கத்து எடத்தை காப்பி பண்ணி தேச்சு ஒப்பேத்தியிருப்பாங்க. டெக்ஸ்சர் டவுன்லோட் பண்ணினா மொதல்ல வடக்கால ஜூம் பண்ணிப் பாருங்க, அது எப்பத்திய படத்துல செஞ்சதுனு அங்கயே தெரிஞ்சிடும்.

கேள்வி: நாசா மேப்ல ஒரு பள்ளத்தோட தீர்க்கரேகைய எடுத்து சாஃப்ட்வேர்ல போட்டா வேற எங்கயோ கொண்டு போய் நிறுத்துது. அட்சரேகை சரியா இருக்கு. என் கணக்குல தப்பா?
— ஐடி ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: உங்க கணக்கு சரி சார். வெஸ்டாவுக்கு ரெண்டு தீர்க்கரேகை முறை இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல 150 டிகிரி வித்தியாசம். ஹப்பிள் படத்துல தெரிஞ்ச ஒரு கருப்புத் திட்டை, ஓல்பர்ஸ் ரீஜியோனு பேரு, அதை பூஜ்யமா வச்சு சர்வதேச வானியல் சங்கம் 1997-ல ஒரு முறை போட்டுச்சு. டான் கிட்டப் போய்ப் பாத்தா அந்தத் திட்டை அடையாளம் கண்டுபிடிக்கவே முடியல, துருவம் இருக்குற எடமே சுமார் 10 டிகிரி தள்ளி இருக்கு. அதனால டான் குழு 700 மீட்டர் அகலத்துல விளிம்பு பளிச்சுனு தெரியுற கிளாடியாங்கிற சின்னப் பள்ளத்தைப் பிடிச்சு புதுசா எண்ண ஆரம்பிச்சாங்க, சங்கம் அதை ஏத்துக்கல. கிளாடியா டான் முறையில 356 டிகிரி, சங்கத்து முறையில 146 (356-ஓட 150 கூட்டினா 506, ஒரு முழுச் சுத்து 360-ஐ கழிச்சா 146).

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு: கிளாடியாவையே தேடி அது எந்த எண்ல நிக்குதுனு பாருங்க, மேப்பும் சாஃப்ட்வேரும் வேற வேற எண் காட்டினா 150-ஐ கூட்டியோ கழிச்சோ போட்டுக்கோங்க.

கேள்வி: சிறுகோள் பட்டைக்குள்ள கப்பலை ஓட்டினா ஒரு கல்லு கூட எதிர்ல வரல. சாஃப்ட்வேர்ல ஏதாவது செட்டிங் ஆஃப்ல இருக்கா?
— பள்ளி மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: இல்ல தம்பி, அதுதான் சரியான காட்சி. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல சராசரியா பல லட்சம் கி.மீ. இருக்கும். சினிமால வர்ற மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு ஓட்டுற அளவுக்கு நெருக்கமா காட்டுற சாஃப்ட்வேரைத்தான் நீங்க சந்தேகப்படணும்.

கேள்வி: ஒரு சாஃப்ட்வேர்ல வெஸ்டா பழுப்பு, இன்னொண்ணுல சாம்பல், வேற ஒண்ணுல பச்சையும் சிவப்பும். நெஜ கலர் என்ன?
— இல்லத்தரசி, திருச்சி

பதில்: கண்ணுக்கு சாம்பல்தாங்க, கொஞ்சம் வெளுத்த சாம்பல். பெரிய சிறுகோள்கள்லயே நல்லா வெளிச்சத்தைத் திருப்பி விடுறது இதுதான், படுற வெளிச்சத்துல 40 சதவீதத்துக்கு மேல திரும்புது. பச்சை சிவப்பெல்லாம் தாதுக்களைப் பிரிச்சுக் காட்ட ஃபில்டர் படங்களுக்கு ஏத்தின கலர், படத்துக்குக் கீழ அதைச் சொல்லியிருப்பாங்க, டெக்ஸ்சரா மாத்தும்போது அந்தக் குறிப்பு விட்டுப் போயிடுது. இன்னொரு விஷயம், வெஸ்டாகிட்ட வெயில் சராசரியா நம்ம ஊர் வெயில்ல ஐஞ்சுல ஒரு பங்கு கூட கெடையாது, சாஃப்ட்வேர் நமக்காக வெளிச்சத்தை ஏத்திக் காட்டுது.

நேர்ல பாக்க ஆசைன்னா அதோட துண்டுகளே பூமியில விழுந்திருக்கு. 1996-ல ராஜஸ்தான்ல பிப்லியா கலான்ல விழுந்த விண்கல் யூக்ரைட் வகை, அந்த வகைக் கல்லுங்க வெஸ்டாலேர்ந்து வந்ததுனுதான் விஞ்ஞானிங்க சொல்றாங்க.

கேள்வி: கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் கேம்ல டான் பேர்லயே ஒரு அயான் இன்ஜின் இருக்கு, அதை வச்சு சுலபமா சிறுகோளை சுத்த முடியுது. ஆர்பிட்டர்ங்கிற சிமுலேட்டர்லயும் வட்டப்பாதை போட்டா அப்படியே நிக்குது. நெஜத்துல டானுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மாசம் ஆச்சு?
— மெக்கானிக்கல் இன்ஜினியர், ஓசூர்

பதில்: நல்ல கேள்வி, இதை யாராவது கேக்க மாட்டாங்களானு இருந்தேன். மொதல்ல இன்ஜின். கேம்ல அந்த இன்ஜினோட தள்ளுவிசை 2 கிலோ நியூட்டன். நெஜ டானோட இன்ஜின் முழு வேகத்துல ஓடினாலே 90 மில்லி நியூட்டன்தான், ரெண்டு ஏ4 தாளை உள்ளங்கையில வச்சா என்ன கனம் தெரியுமோ கிட்டத்தட்ட அவ்வளவு. 20 ஆயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம். அப்படி வச்சதுக்கு நியாயமான காரணம் இருக்கு, அந்த கேம்ல நேரத்தை வேகமா ஓட்டும்போது இன்ஜின் ஓடாது, நெஜ அளவை வச்சா நீங்க மாசக்கணக்குல ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்திருக்கணும். டான் அப்படித்தான் போச்சு, மொத்தப் பயணத்துல 5 வருஷத்துக்கும் மேல இன்ஜினை ஓட்டியே.

அடுத்தது ஈர்ப்பு, இதுதான் முக்கியம். பெரும்பாலான சிமுலேட்டர் வெஸ்டாவை படத்துல கரடுமுரடா காட்டினாலும் ஈர்ப்புக் கணக்குக்கு வர்றப்ப ஒரு உருண்டையாத்தான் எடுத்துக்குது. நெஜத்துல அது 573, 557, 446 கி.மீ. அளவுல நசுங்கின உருவம். உருண்டைனு நெனச்சு 210 கி.மீ. உயரம்னு ஸ்க்ரீன் காட்டும், ஆனா துருவத்துக்கு மேல போறப்ப தரை இன்னும் 40 கி.மீ. கீழ இருக்கும், நடுக்கோட்டுல ரொம்பப் புடைச்ச எடத்துல 20 கி.மீ.க்கு மேல கிட்ட வந்திருக்கும். ஆர்பிட்டர்ல ரொம்ப நாளா இருக்குற முறையில துருவத்துப் பக்கம் நசுங்கினதை ஒரு எண் போட்டு சேர்க்கலாம், ஆனா ஒரு பக்கம் மட்டும் புடைச்சிருக்குறதை அந்த எண்ணால சொல்ல முடியாது. டானுக்குப் பயம் காட்டினது அந்தப் புடைப்புதான்.

எப்படினு பாருங்க. வெஸ்டா 5 மணி 20 நிமிஷத்துல ஒரு தடவை தன்னைத்தானே சுத்துது. மையத்துலேர்ந்து சுமார் 550 கி.மீ. தூரத்துல, அதாவது தரைலேர்ந்து 300 கி.மீ.க்குக் கொஞ்சம் கம்மியான உயரத்துல, சுத்துற விண்கலத்துக்கும் ஒரு சுத்துக்கு அதே நேரம்தான் ஆகும். அப்ப என்னாகும், புடைச்ச பக்கமும் விண்கலமும் ஜோடியா போகும், ஒவ்வொரு சுத்துலயும் அதே எடத்துல அதே திசையில இழுக்கும், பாதை கொஞ்சம் கொஞ்சமா கோணிக்கிட்டே போகும். பெரிய ராக்கெட் இன்ஜின்னா அந்த தூரத்தை சட்டுனு தாண்டிடலாம். ரெண்டு தாள் கனத்தை வச்சுக்கிட்டு 680 கி.மீ. உயரத்துலேர்ந்து 210-க்கு எறங்குற டானுக்கு அதுக்குள்ள மெதுவா ஊர்ந்துதான் போகணும். வெஸ்டாவோட நிழல் விழாத மாதிரி பாதை போட்டிருந்தாங்க, சூரியத் தகட்டுல ஓடுற கலம் ஆச்சே, பாதை ரொம்ப கோணிடுச்சுன்னா நிழலுக்குள்ள போயிடும். அதனால மேல இருந்தப்பவே ஈர்ப்பை அளந்து, எப்பெப்ப எந்தப் பக்கம் இன்ஜினைத் திருப்பணும்னு திரும்பத் திரும்ப கணக்கு போட்டுத்தான் 2011 கடைசில எறக்கினாங்க. உருண்டை ஈர்ப்பு வச்ச சிமுலேட்டர்ல இந்த எடத்தை நீங்க கடந்ததே உங்களுக்குத் தெரியாது, எனக்கு அதுதான் வருத்தம், வெஸ்டா பயணத்துலயே ரொம்ப அழகான பொறியியல் அங்கதான் இருக்கு.

கேள்வி: சாஃப்ட்வேர்ல தேதிய பத்து லட்சம் வருஷம் தள்ளி வச்சேன், வெஸ்டா அதே பாதையில போகுது. நம்பலாமா?
— ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சென்னை

பதில்: நம்ப வேண்டாம் ஐயா. செலஸ்டியால வெஸ்டாவோட ஃபைலை நோட்பேட்ல திறந்து பாருங்க, 2.36, 3.63, 0.09, 7.1-னு சில எண்கள் இருக்கும், தூரம், சுத்துற வருஷம், நீள்வட்ட அளவு, சாய்வு. அந்த எண்களை வச்சு ஒரே நீள்வட்டத்துல ஓட்டிக்கிட்டே இருக்கும், வியாழன் இழுக்குறதெல்லாம் கணக்குல வராது. எண்கள் எந்த தேதிக்கு எடுத்ததோ அதுக்கு முன்ன பின்ன சில வருஷம்னா கண்ணுக்குத் தெரியுற தப்பு வராது. 2011-ல பாரிஸ் வானாய்வகத்துல லஸ்காரும் கூட்டாளிகளும் எல்லா இழுப்பையும் சேர்த்து கணக்கு போட்டுப் பாத்தாங்க, சிறுகோள் பட்டைலயே பெருசான சீரஸும் வெஸ்டாவும் ஒண்ணையொண்ணு கிட்ட நெருங்கி இழுத்துக்குறதால 4 லட்சம் வருஷத்துக்கு மேல எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வச்சாலும் வெஸ்டா எங்க இருக்கும்னு சொல்ல முடியாதுனு கண்டுபிடிச்சாங்க. அதனால நீங்க வச்ச பத்து லட்சத்துல ஸ்க்ரீன் காட்டுற எடத்துக்கு எந்த ஆதாரமும் கெடையாது.