தெரிஞ்ச வேலைக்கு பேட்டண்ட் நோட்டீஸ் வந்தா என்ன பண்றது?

கேள்வி: அண்ணே, சென்னை கொடுங்கையூர்ல சின்ன நான்வோவன் (நெய்யாம, இழைகளை ஒட்டி செய்யுற துணி) யூனிட் வச்சிருக்கேன். ஸ்பன்பாண்ட்னு சொல்ற பலமான இழை லேயர், நடுவுல மெல்ட்ப்ளோன்னு சொல்ற ரொம்ப நுண்ணிய இழையால ஆன ஃபில்டர் லேயர், மறுபடி ஸ்பன்பாண்ட், மூணையும் சூடு ரோலர்ல விட்டு ஒட்டி ஆஸ்பத்திரி கவுனுக்கு குடுக்குறோம். இதுக்கு பேட்டண்ட் இருக்குன்னு ஒரு கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிருக்காங்க. அவங்க மாத்துனதே சூடும் அழுத்தமும்தான். எல்லாருக்கும் தெரிஞ்சதுக்கு எப்படிண்ணே பேட்டண்ட் குடுத்தாங்க?

பதில்: தம்பி, பேட்டண்ட் குடுத்துட்டாங்கன்றதால அது செல்லும்னு அர்த்தம் இல்ல, சட்டமே அப்படி உத்தரவாதம் குடுக்கல. ஆனா "எல்லாருக்கும் தெரியும்"னு வாயால சொன்னா கோர்ட்ல நிக்காது, அவங்க விண்ணப்பம் போட்ட தேதிக்கு முன்னாடி வந்த பேப்பர் வேணும். ஸ்பன்பாண்டையும் மெல்ட்ப்ளோனையும் புள்ளி புள்ளியா சூடும் அழுத்தமும் குடுத்து ஒட்டுறதுக்கு 1977லயே அமெரிக்காவுல கிம்பர்லி கிளார்க்ன்ற கம்பெனி பேட்டண்ட் வாங்கிருக்கு, முதல்ல அதை எடுங்க, அப்புறம் பழைய மெஷின் மேனுவல், சப்ளையர் கேட்லாக், பில்லு எல்லாம் தேடுங்க.

இந்த துணி செய்யுற பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் 160 டிகிரி செல்சியஸ் பக்கத்துல உருகும், சூடு ஏறுனா துணி விறைச்சு ஓட்டை விழும், குறைஞ்சா லேயர் பிரிஞ்சு வரும், அதனால ஆபரேட்டர் சூட்டை கூட்டி குறைச்சு செட் பண்றது தினசரி வேலை, இதை உங்க வாதத்துல அழுத்தி சொல்லணும். பாத்திரம் கடையுற லேத்ல பாத்திரத்தை பிடிச்சு வைக்கிற அமைப்புக்கு வாங்குன பேட்டண்ட்டை 1978ல சுப்ரீம் கோர்ட்டே செல்லாதுன்னு சொல்லிச்சு, அது பட்டறையில சாதாரணமா பண்ற மாத்தம்தான்னு. ஆனா அவங்க சொல்ற குறிப்பிட்ட சூட்டுல யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு துணி நல்லா ஃபில்டர் பண்ணுதுன்னு டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுனா கதை மாறும், அப்ப அது உண்மையான கண்டுபிடிப்பா இருக்கலாம், அதையும் மதிக்கணும். அதனால பேட்டண்ட்டோட கிளெய்ம் பகுதியை (எதுக்கெல்லாம் உரிமை கேக்குறாங்கன்னு எழுதியிருக்குற பகுதி) வரிக்கு வரி படிச்சு, உங்க ரோலர் செட்டிங்கோட ஒப்பிட்டு பாருங்க, ரெண்டும் வேற வேறன்னா பிரச்சனையே பாதி தீந்துச்சு.

பேட்டண்ட் குடுத்தது வெளியாகி 1 வருஷம் ஆகலன்னா பேட்டண்ட் ஆபீஸ்லயே எதிர்ப்பு போடலாம். அதுக்கு மேல ஆயிடுச்சுன்னா பேட்டண்ட் சட்டம் 64ஆம் பிரிவுல ரத்து கேட்டு ஹைகோர்ட் போகலாம், நம்ம சென்னை பாரீஸ் கார்னர் பக்கம் இருக்குற ஹைகோர்ட்லயே இதுக்குன்னு தனி பிரிவு இருக்கு. ஆதாரமில்லாம சும்மா மிரட்டுறாங்கன்னா அதே சட்டம் 106ஆம் பிரிவுல நீங்களே வழக்கு போடலாம். எது பண்ணாலும் பேட்டண்ட் தெரிஞ்ச வக்கீல் மூலமா நோட்டீஸுக்கு கெடுவுக்குள்ள பதில் போட்டுடுங்க, அந்த பதில்ல "உங்க முறையிலதான் பண்றோம்"னு ஒரு வார்த்தை கூட வந்துடக் கூடாது.