கறியைக் கேட்காதீர்கள், விழுதைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா சாப்பாட்டைப் பற்றித் தமிழ்நாட்டு எல்லையோர ஊர்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

? திருவனந்தபுரத்தில் ஒரு தாய் உணவகத்தில் 'வெஜ் டாம் யாம் சூப்' வாங்கினோம். காளானும் தக்காளியும்தான் மிதந்தன. ஆனால் கடற்கரைப் பக்கம் பிறந்தவளுக்குக் கருவாட்டு வாசனை தெரியாமல் போகுமா? சர்வர் 'பியூர் வெஜ்தான் மேடம்' என்று சாதிக்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

உங்கள் மூக்கு சொல்வதுதான் சரி. சர்வர் வேண்டுமென்றே பொய் சொல்லியிருப்பார் என்றும் இல்லை. கிண்ணத்தில் கறித்துண்டு இல்லாததைத்தான் அவர் வெஜ் என்கிறார்.

டாம் யாமில் மீனும் இறாலும் கோழியும் மூன்று வழியாக நுழையும். முதலாவது உப்பு. தாய் அடுக்களையில் உப்புக்கல் போடுவதைவிட 'நாம் ப்லா' ஊற்றுவதுதான் அதிகம். நெத்தலியையும் உப்பையும் மாதக்கணக்கில் தொட்டியில் ஊறவைத்து வடிக்கிற சாறு அது. இரண்டாவது, சூப்புக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற வறுத்த மிளகாய் விழுது, 'நாம் ப்ரிக் பாவ்'. அதில் காய்ந்த இறாலோ இறால் விழுதோ சேர்ப்பது வழக்கம். உங்களுக்கு அடித்த வாசனை பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, சூப் கொதித்த தண்ணீர். எலும்பு வேகவைத்த சாறாக இருக்கலாம், கோழித்தூள் கரைத்த வெந்நீராகவும் இருக்கலாம்.

'இது வெஜ்ஜா?' என்று கேட்டால் எங்கேயும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: 'உப்புக்கு என்ன ஊற்றுகிறீர்கள்? சிவப்பு விழுது புட்டியில் வந்ததா, இங்கே அரைத்ததா? தண்ணீர் எதில் கொதித்தது?' புட்டி என்றால் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். இறக்குமதிப் பொருளானாலும் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால்தான் இந்தியச் சட்டப்படி அது சைவம். சர்வர் தலையைச் சொறிந்தால் சமையல்காரரையே கேட்டு வரச் சொல்லலாம். சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு இதெல்லாம் நடக்காது. ஏழு மணிக்குள் போய் உட்காருங்கள்.

எதை மாற்றித் தர முடியும், எதை முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வோக் சட்டியில் அப்போதைக்கப்போது கிளறுகிற காய்கறி, நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ் இவற்றில் மீன் சாறுக்குப் பதில் சோயா சாஸ், சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸ் என்று மாற்றிவிடலாம். சட்டியைக் கழுவித் தொடங்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். பச்சைக் கறி, சிவப்புக் கறி என்கிற தாய் குழம்புகளின் விழுதை மொத்தமாக அரைத்தோ வாங்கியோ வைத்திருப்பார்கள். அதில் 'கப்பி' என்கிற இறால் விழுது அரைபட்டிருந்தால் யாராலும் பிரித்தெடுக்க முடியாது. 'உங்களுக்காக அதை எடுத்துவிட்டுச் செய்கிறோம்' என்று கறிக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சூப்புக்கு வழி இருக்கிறது: 'நாம் சாய்' என்கிற தெளிந்த வகையில் சிவப்பு விழுதே வேண்டாம். வெந்நீரில் இஞ்சிப்புல் (லெமன் கிராஸ்), பேரரத்தை, காளான், பச்சை மிளகாய் போட்டு, சோயா சாஸும் எலுமிச்சையும் விட்டுப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். கிண்ணத்தில் மிதக்கிற புல்தண்டையும் அரத்தைத் துண்டையும் கடித்துப் பார்க்காதீர்கள். வாசனைக்கு மட்டும் போட்டவை அவை. ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும்.

? கார்த்திகையில் மாலை போட்ட பிறகு வேலை விஷயமாக மலேசியா போக வேண்டியிருக்கிறது. அங்கே சீனர்கள் நடத்தும் சைவக் கடையில் 'மட்டன்', 'சிக்கன்' என்றே விற்கிறார்களாம். விரதத்தில் சாப்பிடலாமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பொருளைப் பார்த்தால் உங்கள் விரதத்துக்கு அந்தக் கடைதான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பு. பௌத்த முறைப்படி சமைக்கும் சீனச் சைவக் கடைகளில் கறி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. பௌத்த நூல் விலக்கும் 'ஐந்து காரப் பொருள்களில்' பெருங்காயமும் ஒன்று. நம் வீட்டு விரதச் சமையலில் வெங்காயத்துக்குப் பதில் போடுவதையே அவர்கள் சேர்த்துத் தள்ளிவைக்கிறார்கள்!

போலிக் கறி பெரும்பாலும் சோயா புரதம், கோதுமை மாவைத் தண்ணீரில் அலசி எடுத்த பசை, காளான் தண்டு, சோயாப் பாலைக் காய்ச்சும்போது பாலாடை போலப் படிகிற தோல் இவற்றில் செய்வது. 'இறால்' என்பது கோன்ஜாக் கிழங்கு மாவு. கவனிக்க வேண்டியது முட்டை வெள்ளைக்கரு. துண்டு உதிராமல் பிடிக்கச் சில தயாரிப்புகளில் அதைச் சேர்க்கிறார்கள். மலாய் மொழியில் 'அடா தெலூர்?' என்று கேளுங்கள், 'முட்டை இருக்கிறதா' என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் டோஃபு, கீரை, காளான் என்று உருவம் தெரிகிற பண்டமாக வாங்கிவிடுங்கள். மட்டன் என்று பெயர் சொல்லிச் சாப்பிடுவதை மனது ஏற்குமா என்பதை உங்கள் குருசாமியிடம்தான் கேட்க வேண்டும். அது எங்கள் துறை இல்லை.

மலாய்க் கடைகளில் 'சாயூர்' என்று எழுதியிருக்கும் காய்கறித் தட்டு விரதத்துக்கு ஆகாது. வெறும் கீரை வதக்கலிலும் 'பெலாச்சான்' என்னும் இறால் விழுதோ, காய்ந்த நெத்தலியோ இருக்கும். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறுதான் என்று வாங்கினால் மேலே வைக்கும் சம்பலில் அதே கதை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தமிழர்களின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பல கடைகளில் அசைவமும் சேர்ந்தே பரிமாறுவார்கள், சாம்பாரில் வெங்காயமும் இருக்கும். சிங்கப்பூர் வழியாகப் போனால் மிடில் ரோட்டில் ஃபார்ச்சூன் சென்டர் என்ற கட்டடத்தில் சைவக் கடைகள் நிறைய. வாட்டர்லூ தெரு ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது.

? பச்சைக் கறி விழுதை வீட்டிலேயே இறால் இல்லாமல் அரைக்க முடியுமா? இரண்டு முறை செய்தேன். ஒரு முறை கசந்தது, இன்னொரு முறை எண்ணெயே பிரியாமல் பாயசம் மாதிரி நின்றது.
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதற்காக சூப்பர் மார்க்கெட் தேட வேண்டியதில்லை. பாதிப் பொருள் தொடியிலேயே, அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்திலேயே, கிடைக்கும்.

நான்கு பேருக்கு: நீளப் பச்சை மிளகாய் 8, பச்சைக் காந்தாரி 6, இஞ்சிப்புல் 2 தண்டு (அடியில் வெளுப்பாக இருக்கும் நான்கு அங்குலம் மட்டும்), பச்சைப் பேரரத்தை 1 அங்குலம், கொத்தமல்லி வேர் 5, சின்ன வெங்காயம் 6, பூண்டு 6 பல், வறுத்த மல்லி 1 தேக்கரண்டி, வறுத்த சீரகம் கால், வெள்ளை மிளகு அரை, கல்லுப்பு 1 தேக்கரண்டி. தாய்லாந்து எலுமிச்சைத் தோலுக்குப் பதில் நாரத்தையின் பச்சைத் தோலைச் சீவி அரைத் தேக்கரண்டி. உங்களுக்குக் கசந்தது இந்த இடத்தில்தான் இருக்கும்: பச்சைக்கு அடியிலுள்ள வெள்ளைச் சதை ஒட்டி வந்தால் கசக்கும். நாட்டு மருந்துக்கடையில் விற்கும் காய்ந்த சித்தரத்தையையும் போடாதீர்கள். கஷாய வாடை வந்துவிடும். பேரரத்தை கிடைக்காவிட்டால் அரை அங்குலம் இஞ்சி போதும், ருசி கொஞ்சம் மாறும். இறால் விழுதின் இடத்துக்கு நொதிக்கவைத்த சோயா விழுது 1 தேக்கரண்டி. வட தாய்லாந்தில் நொதித்த சோயா வில்லையை இப்படிச் சேர்க்கிற வழக்கமே உண்டு. அதுவும் இல்லையென்றால் சோயா சாஸ் 2 தேக்கரண்டி.

உலர்ந்ததை முதலில் பொடித்து, பிறகு உப்போடு இஞ்சிப்புல், அரத்தை, வேர், நாரத்தைத் தோல், அதன்பின் மிளகாய், கடைசியில் வெங்காயமும் பூண்டும், சோயா விழுதும். அம்மியில் தண்ணீர் தொடாமல் அரைத்தால் நல்லது. மிக்ஸியில் ஓட வேண்டுமானால் தண்ணீருக்குப் பதில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விடுங்கள்.

இனி எண்ணெய். நம் சொதிக்கும் இஷ்டூவுக்கும் ஒன்றாம் பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்குவோம். தாய் கறிக்கு நேர் எதிர்: ஒன்றாம் பால்தான் முதலில் அடுப்பேறும், அது திரிந்து எண்ணெய் கக்கியே ஆக வேண்டும். பெரிய தேங்காய் ஒன்றில் முக்கால் கப் வெந்நீர் விட்டு ஒன்றாம் பால் எடுத்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மேலே கட்டியாக நிற்பதை மட்டும் அடிகனமான சட்டியில் மிதமான தீயில் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் ஓரத்தில் பளபளவென்று எண்ணெய் தெரியும். அப்போது மூன்று மேசைக்கரண்டி விழுதைப் போட்டுப் பச்சை வாடை போக நாலு நிமிடம் வதக்கி, மீதிப் பாலும் இரண்டாம் பால் 2 கப்பும் விட வேண்டும். அட்டைப் பெட்டித் தேங்காய்ப்பால் பலவற்றில் பிரியாமல் இருக்கவே பசை சேர்த்திருப்பார்கள். எவ்வளவு கொதித்தாலும் எண்ணெய் வராது. உங்கள் பாயசத்துக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். வேறு வழியில்லை என்றால் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயில் விழுதை வதக்கிவிட்டு அந்தப் பாலை ஊற்றுங்கள்.

காய்க்குக் கத்தரியும் பச்சைச் சுண்டைக்காயும். தாய் பச்சைக் கறியில் பட்டாணி அளவில் பச்சையாக மிதப்பது நம் சுண்டைக்காயேதான், அதே செடி. இனிப்புக்குக் கருப்பட்டி ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் புகை வாசம் தூக்கும். இறக்கியதும் திருநீற்றுப்பச்சிலை ஒரு கைப்பிடி. துளசியைப் போட்டால் வேறு மணம் வரும். எலுமிச்சை வாசனைக்கு, உங்கள் பாலக்காட்டு வேப்பிலைக்கட்டிக்கு ஆய்கிற அதே நாரத்தை இலையை நரம்பு கிள்ளி நாலு போடலாம்.

? குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். தினமும் பிரெட்டும் பழமும்தானா?
– ஒரு வாசகர், கம்பம்

இல்லை. கடைப் பலகையில் 'சாய்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆங்கில எழுத்தில் சி-எச்-ஏ-ஒய் என்று எழுதுவார்கள். அது முழுச் சைவக் கடை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பலர் சைவம் சாப்பிடுவார்கள், அதாவது அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும். அந்த நாள்களில் சாதாரணக் கடைகளிலும் சைவம் கிடைக்கும். 'ஃபோ சாய்' கேளுங்கள்: முள்ளங்கி, காளான், சுட்ட இஞ்சி, அன்னாசிப்பூ, பட்டை போட்டுக் கொதித்த சாறில் அரிசி நூடுல்ஸ். மற்றக் கடைகளில் 'காய்கறி ஃபோ' என்றால் எலும்புச் சாறில் காய் போட்டதாகவே இருக்கும். தெருவில் முட்டை வைத்து விற்கும் பான் மீ ரொட்டியை முட்டை சாப்பிடுகிறவர்களும் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே பன்றி ஈரல் விழுது தடவுவது வழக்கம்.

? அக்டோபரில் தாய்லாந்து டூர். மஞ்சள் கொடி கட்டிய கடையில் சாப்பிடலாம் என்கிறார்களே?
– ஒரு வாசகர், திருத்தணி

தைரியமாகச் சாப்பிடலாம். மஞ்சள் கொடியில் சிவப்பில் எழுதியிருப்பது 'ஜே': கறி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. சீன ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் ஜே திருவிழா நடக்கும், புக்கெட்டில் பெரிதாக. பெரும்பாலும் நம் நவராத்திரியை ஒட்டியே வரும். உங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 'மங்சவிரத்' என்று சொல்லும் கடையில் முட்டையும் பாலும் இருக்கலாம். வேறு கடையில் 'கின் ஜே' என்று சொல்லிவிட்டு, 'மாய் சாய் நாம் ப்லா, மாய் சாய் காய்' என்று மீன் சாறும் முட்டையும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நூடுல்ஸ் கடை மேசையில் நாலு கிண்ணம் இருக்கும்: சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், பிறகு வெட்டிய மிளகாய் மிதக்கிற பழுப்புத் தண்ணீர். கடைசியாகச் சொன்னது மீன் சாறு. ஜே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அதில் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டால் போச்சு.

? மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, மூச்சுத் திணறும். இந்த உணவகங்களுக்குக் கூட்டிப்போகலாமா?
– ஒரு வாசகி, நகரி

திணறல் வரை போகும் ஒவ்வாமை என்றால் தாய், இந்தோனேசிய உணவகங்களைத் தவிர்ப்பதே எங்கள் யோசனை. பாட் தாய், மஸ்ஸமான் கறி, சத்தே சாஸ், காடோ-காடோ, பப்பாளிக்காய் சாலட் எல்லாவற்றிலும் கடலை. கடலை போடாத பண்டத்தைக் கேட்டாலும் அதே வோக், அதே உரல். வியட்நாம் கடையில் அரிசித்தாள் சுருளுக்கு வைக்கும் தொட்டுக்கையிலும் கடலை இருக்கும். போயே ஆக வேண்டுமென்றால் டாக்டர் எழுதிக்கொடுத்த அவசர ஊசி கையில் இருக்கட்டும். பையனுக்கு ஆவியில் வெந்த சோறும் தனிப் பாத்திரத்தில் சமைத்ததும் மட்டும் கொடுங்கள்.

? நாலு பேர் போனால் எவ்வளவு ஆர்டர் செய்வது? கையால் சாப்பிட்டால் சிரிப்பார்களா?
– ஒரு வாசகர், சித்தூர்

ஆளுக்கு ஒரு சோறு. நடுவில் ஒரு கறி, ஒரு வதக்கல், ஒரு சாலட், ஒரு சூப். எல்லாம் ஒன்றாக வரும், பகிர்ந்து சாப்பிட வேண்டும். சூப்பும் சோற்றோடுதான், முன்னால் தனியாகக் குடித்து முடிக்க வேண்டாம். தாய்லாந்துக்காரர்கள் வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி பிடித்து, முள்கரண்டியால் கரண்டிக்குத் தள்ளுவார்கள். குச்சி நூடுல்ஸுக்கு மட்டும். பிசுபிசுப்பான ஒட்டரிசிச் சோற்றை அங்கேயே கையால்தான் சாப்பிடுகிறார்கள்: சின்ன உருண்டையாகப் பிடித்து, கறியில் தொட்டு. சாதாரணச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, துடைக்கத் தாள் மட்டும் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.