பேக்பிளேட், விங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஸ்கூபாவுக்கு இதுவரை ஜாக்கெட் வகை பிசிடியையே (நீருக்குள் மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டை) பயன்படுத்தி வந்தேன். நண்பர் ஒருவர், தாம் சில ஆண்டுகள் பயன்படுத்திய எஃகு பேக்பிளேட்டையும் (முதுகில் சிலிண்டரைத் தாங்கும் தகடு) விங்கையும் (அதனுடன் பொருத்தி, காற்றை ஏற்றி மிதக்கும் பை) விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா? கடலுக்குள் விங் கிழிந்துவிட்டால் என்ன ஆகும்?
(வாசகர், சென்னை)

பதில்: தகட்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டில் பழுதாகக்கூடிய பாகம் என்று எதுவும் கிடையாது. பட்டை நுழையும் துளைகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்; கூராக இருந்தால் அது பட்டையை மெல்ல அறுக்கும், அரம் கொண்டு மழுக்கிவிடலாம். வடக்கு ஃபுளோரிடாவில் நீர் நிறைந்த குகைகளுக்குள் சென்றவர்கள், இரட்டைச் சிலிண்டர்களை முதுகில் ஆடாமல் நிறுத்துவதற்காகக் கையாண்டு பரவலாக்கிய கருவி இது. நடுவில் 11 அங்குல இடைவெளியில் இரண்டு போல்ட் துளைகள் என்ற அளவைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இன்றும் மாற்றாமல் வைத்திருப்பதால், ஒருவருடைய தகட்டில் இன்னொருவருடைய விங்கைப் பொருத்திக்கொள்ள முடிகிறது.

விங்கைத்தான் நிதானமாகச் சோதிக்க வேண்டும். துணி கிழிந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். நடப்பில் தொல்லை தருபவை விங்குக்குள் காற்றை ஏற்றும் இன்ஃப்ளேட்டரின் பொத்தான், நெளிகுழாய் விங்குடன் சேரும் முழங்கை இணைப்பு, காற்றை வெளியேற்றும் கீழ்ப்புறத்து டம்ப் வால்வு ஆகிய மூன்றுமே. டம்ப் வால்வைக் கையால் திருகிக் கழற்றி, ரப்பர் வட்டில் மணல் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துகள் இருந்தாலும் காற்று கசியும். நெளிகுழாயின் இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்திருப்பவை சாதாரண பிளாஸ்டிக் டைகள்தாம். அவை வெளுத்து, வளைத்தால் நொறுங்கும் நிலையில் இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். நூறு ரூபாய்கூடச் செலவாகாது. பிறகு, மிகையழுத்த வால்வு தானாகத் திறந்து காற்றை விடும் வரை விங்கை ஊதி, இரவு முழுவதும் அறையில் வைத்துவிடுங்கள். காலையிலும் விறைப்பாக இருந்தால் வாங்கலாம். தொய்ந்திருந்தால், சோப்பு நீரைத் தடவிக் கசியும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு விலை பேசுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். கழுவாமல் வைத்த இன்ஃப்ளேட்டருக்குள் உப்பு படிந்தால் பொத்தான் அழுந்திய நிலையிலேயே சிக்கிக்கொண்டு, விங் தானாக ஊதத் தொடங்கும். காற்று போகும் விங்கைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் அது உங்களை வேகமாக மேலே தூக்கிவிடும். அந்த நொடியில் ஒரு கையால் காற்றை வெளியேற்றிக்கொண்டே, மறு கையால், இன்ஃப்ளேட்டருக்குச் சிலிண்டர் காற்றைக் கொண்டுவரும் குறையழுத்தக் குழாயின் கழுத்து வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றிவிட வேண்டும். கையுறை அணியும் வழக்கமிருந்தால் கையுறையுடனேயே நீச்சல் குளத்தில் இதைப் பழகுங்கள்.

கேள்வி: தகட்டை உடம்போடு கட்டும் பட்டைகளான புதிய ஹார்னஸைக் கோத்துவிட்டேன். தரையில் கச்சிதமாக இருக்கிறது; நீருக்குள் சிலிண்டர் இடுப்புப் பக்கம் சரிகிறது, கழற்றும்போது தோள்பட்டையிலிருந்து கையை எடுக்கவே முடியவில்லை. எங்கே தவறுகிறேன்?
(வாசகி, புதுச்சேரி)

பதில்: தோள்பட்டைகளை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜாக்கெட் அணிந்து பழகியவர்கள் கருவியை உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் வேலையைத் தோள்களிடம் ஒப்படைக்கிறார்கள். இந்த அமைப்பில் அந்த வேலையைச் செய்பவை இடுப்புப் பட்டையும், கால்களுக்கு இடையே வரும் பட்டையுமே. தோள்பட்டைகள் வழிகாட்டினால் போதும். வெட்சூட்டை (உடற்சூட்டைக் காக்கும் ரப்பர் உடை) அணிந்துகொண்டு அளவெடுங்கள். தகட்டின் மேல்விளிம்பு கழுத்தெலும்பு துருத்தும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிற்க, பட்டைக்கும் மார்புக்கும் நடுவே உங்கள் கை தாராளமாக நுழைய வேண்டும். கையைப் பின்னால் வளைத்துத் தகட்டின் மேல்விளிம்பைத் தொட முடிந்தால், சிலிண்டர் வால்வும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். நீளம் மிஞ்சும் பட்டையை உடனே வெட்ட வேண்டாம். சில முறை இறங்கிப் பார்த்த பின் வெட்டி, முனையை லைட்டரால் லேசாகக் கருக்கிவிட்டால் நூல் பிரியாது.

சிலிண்டர் சரிவதற்கு வேறொரு காரணம் இருக்கலாம். சிலிண்டரைச் சுற்றிக் கட்டும் நைலான் பட்டைகள் நனைந்தால் சற்று நீளும். உலர்ந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் கடலில் தளர்ந்துவிடும். முதலில் நனைத்து, அதன் பிறகு பக்கிளைப் போட்டு இறுக்குங்கள். சிலிண்டருக்கும் தகட்டுக்கும் நடுவே விங்கின் ஓரம் மடிந்து சிக்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். காற்று ஒரு பக்கமே நின்று உங்களைச் சாய்ப்பதற்கு அந்த மடிப்பு ஒன்றே போதும்.

தோளில் பிளாஸ்டிக் பக்கிள் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோள்மூட்டில் வலியோ காயமோ உள்ளவர்களுக்கு அது நியாயமான வசதி. மற்றவர்கள் உடையக்கூடிய ஒரு பாகத்தைக் காசு கொடுத்துச் சேர்ப்பானேன்?

கேள்வி: அந்தமானுக்கு விமானத்தில் போகிறேன். எஃகுத் தகடா, அலுமினியத் தகடா?
(வாசகர், மதுரை)

பதில்: அலுமினியம். எஃகுத் தகடு இரண்டரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், அலுமினியத் தகடு சுமார் ஒரு கிலோ. உள்ளூரில் எஃகு வசதியானதுதான், மூழ்குவதற்காக இடுப்பில் கட்ட வேண்டிய ஈயத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். ஆனால் ஈயம் போன இடத்தில் கிடைக்கும், 15 கிலோ பெட்டி வரம்பில் அதைச் சுமப்பது வீண். விங்கும் பெரிதாக வேண்டாம். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் நிறையும் காற்றின் எடை சுமார் 2.7 கிலோ, அதையும், ஆழத்தில் நசுங்கும் 3 மில்லிமீட்டர் வெட்சூட் இழக்கும் மிதப்பையும் ஈடுகட்ட 12 அல்லது 13 கிலோ தூக்கும் விங் தாராளம்.

கேள்வி: மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்கப் பயிற்சி பெற்று வரும் சுழியோடி நான். இரட்டை எஃகுச் சிலிண்டர், எஃகுத் தகடு, 3 மில்லிமீட்டர் வெட்சூட். எவ்வளவு பெரிய விங் வேண்டும்?
(வாசகர், மட்டக்களப்பு)

பதில்: விங்கின் அளவைப் பிறகு பார்க்கலாம், முதலில் எடையைக் கணக்கிடுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் போர்க்கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே உங்கள் வெட்சூட் மிதப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். 232 பார் அழுத்தத்தில் நிறைத்த இரண்டு 12 லிட்டர் சிலிண்டர்களில் காற்று மட்டுமே ஆறரைக் கிலோ எடையிருக்கும். குளிர்நாட்டவர் அணியும், நீர் புகாத டிரைசூட்டுக்குள் காற்றை ஏற்றி, விங் கெட்டாலும் மேலே வந்துவிடலாம். நம் வெந்நீர்க் கடலில் அதை யாரும் அணிவதில்லை. ஆகவே நீங்கள் சொல்லும் அமைப்பில், இறங்கிய சில நிமிடங்களில் விங் காற்றை இழந்தால், ஈயம் எதுவும் கட்டாத நிலையில், எடையைக் குறைக்கக் கழற்றிப் போட உங்களிடம் ஒன்றுமிருக்காது.

என்னைக் கேட்டால், எஃகுத் தகட்டை எடுத்துவிட்டு அலுமினியத் தகட்டைப் பொருத்துவதே முதல் வேலை. கிடைத்தால் அலுமினியச் சிலிண்டர்களே இந்த நீருக்குப் பொருந்தும். பிறகு நிறைந்த சிலிண்டர்களுடன், ஆழத்தில் வெட்சூட் இழக்கப்போகும் மிதப்புக்கு ஈடாக இரண்டு கிலோ ஈயத்தைச் சேர்த்துக்கொண்டு, துணைக்கு ஒருவருடன் ஐந்து மீட்டர் ஆழத்தில் நங்கூரக் கயிற்றின் அருகே விங்கை முழுவதும் காலி செய்து, துடுப்பை மட்டும் அடித்து மேலே வர முடிகிறதா என்று பாருங்கள். மூச்சிரைக்காமல் வர முடிந்தால் ஒற்றைப் பை விங்கே போதும்; 18 முதல் 20 கிலோ வரை தூக்கும் விங்கை வாங்குங்கள். முடியாவிட்டால் இரட்டைப் பை உள்ள விங்கைத்தான் நாட வேண்டும். அதில் முதல் இன்ஃப்ளேட்டர் வலது ரெகுலேட்டரிலிருந்தும் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) இரண்டாவது இடது ரெகுலேட்டரிலிருந்தும் காற்றைப் பெற வேண்டும், ஒரே ரெகுலேட்டரில் இரண்டையும் மாட்டினால் இரண்டாவது பையால் பயனில்லை. இரண்டாவது பையில் காற்று கசிந்து சேர்ந்தால் எந்தப் பை ஊதியிருக்கிறது என்று தெரியாமல் குழம்பிவிடுவீர்கள். ஆகையால் அதன் குழாயைக் கழற்றி, கை எட்டும் இடத்தில் ரப்பர் வளையத்தில் செருகி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மாட்டும் முறையையே பலரும் பின்பற்றுகிறார்கள்.