பாடக்கூடாத பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் நாட்டார் பாடகர் இவான் மக்கால் பற்றி எழுதும்போது, லண்டனில் அவர் நடத்திய ‘சிங்கர்ஸ் கிளப்’பை மெச்சியிருந்தீர்கள். அந்த கிளப்பில் ஆங்கிலேயர் அமெரிக்கப் பாட்டைப் பாடக்கூடாது என்று விதியே இருந்ததாமே? பாட்டுக்கு வேலி போட்டவர்களை நீங்கள் மெச்சலாமா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

விதி இருந்தது. எனக்கும் அதில் நெருடல் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் அல்ல.

1956இல் பிரிட்டிஷ் இளைஞர்களை ‘ஸ்கிஃபில்’ என்ற எளிய இசைப் பித்து பிடித்து ஆட்டியது. மலிவான கிதார், துணி துவைக்கும் தகரப் பலகை, காலி தேயிலைப் பெட்டியில் கழியும் கயிறும் கட்டிய பாஸ். கச்சேரிக்கு இவ்வளவு போதும். பித்தைக் கிளப்பிவிட்டது லோனி டோனகன் பாடிய ‘ராக் ஐலண்ட் லைன்’. 1934இல் அமெரிக்காவின் ஆர்கன்சா சிறைக் கைதிகளிடம் பதிவு செய்யப்பட்டு, அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட்பெல்லியின் குரலில் பரவிய பாட்டு அது. லண்டன் பையன்கள் அதைத் அமெரிக்கத் தென்மாநில உச்சரிப்பை இரவல் வாங்கிப் பாடினார்கள்.

மக்கால், ஏ. எல். லாயிட், பெக்கி சீகர் ஆகியோர் அப்போது ஹை ஹோல்பர்னில் ‘பிரின்சஸ் லூயிஸ்’ என்ற பப்பின் மாடியில் ‘பேலட்ஸ் அண்ட் ப்ளூஸ்’ கிளப்பில் பாடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு லண்டன்காரர் லெட்பெல்லி பாட்டை எடுத்தபோது, அமெரிக்கரான பெக்கிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து இதை அவரே எழுதியிருக்கிறார். சிரித்தது நாகரிகம் இல்லைதான். ஆனால் அதைத் தொடர்ந்து கிளப்புக்குள் விவாதம் எழுந்து, இந்த மேடையில் அவரவர் வளர்ந்த மொழி, மரபின் பாட்டை மட்டுமே பாடுவது என்று முடிவானது. 1961இல் தொடங்கிய சிங்கர்ஸ் கிளப்பும் அதையே கடைப்பிடித்தது.

கவனியுங்கள், அது அந்த ஒரு மேடைக்கான விதி. இரண்டு தெரு தள்ளிப்போய் எதை வேண்டுமானாலும் பாடலாம். வேறு கிளப்புகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு முறைத்ததற்கு இவர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

விளைவையும் பார்க்க வேண்டும். லெட்பெல்லி கூடாது என்றால் வேறு என்ன பாடுவது? லாயிடும் இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸும் தொகுத்த ஆங்கில நாட்டார் பாடல்கள், 1959இல் பெங்குவின் வெளியீடாகக் கைக்கு அடக்கமாக வந்திருந்தன. சொந்த ஊர்ப் பாட்டைத் தேடக் கிளம்பியவர்களுக்கு அது பெரிய துணை. விதி ஒரு கதவைச் சாத்தி அவர்களை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டது என்பேன்.

என் நெருடல் ‘அவரவர்’ என்பதில்தான். மக்கால் ஸ்காட்லாந்துப் பாடகராகவே அறியப்பட்டார். பிறந்ததோ இங்கிலாந்தின் சால்ஃபோர்டில், ஜிம்மி மில்லர் என்ற பெயரில். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், பாட்டுகள் அவர்கள் வழி வந்தவை, ஆகவே செல்லும் என்பது அவர் கட்சி. சரி, செல்லட்டும். ஆனால் தாய் தந்தை வழி பாட்டு வரலாம் என்றால், இசைத்தட்டு வழி ஏன் வரக்கூடாது? அதற்கு அவரிடமிருந்து எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

பாப் டிலன் விவகாரத்தையும் இந்த விதியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். 1962 டிசம்பரில் பிபிசி நாடகம் ஒன்றில் நடிக்க லண்டன் வந்த டிலன், சிங்கர்ஸ் கிளப் அப்போது நடந்துவந்த ‘பிண்டார் ஆஃப் வேக்ஃபீல்ட்’ பப்பில் பாடினார். அமெரிக்கர், சொந்த மொழியில் பாடியவர். விதிப்படி குறையே இல்லை. மக்காலுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 1965இல் ‘சிங் அவுட்’ இதழில் டிலனைக் காட்டமாகத் தாக்கியும் எழுதினார். அது விதியின் கோளாறு அல்ல, ஆளின் ரசனை.

மக்கால் 1989இல் இறந்தார். கிளப் 1991வரை நடந்தது. வானொலியோ அரசோ இப்படி ஒரு விதி போட்டால் உங்களோடு சேர்ந்து நானும் எதிர்ப்பேன். பப்பில் ஓர் அறையைப் பிடித்துப் பாடும் சிறு கூட்டம், தன் மேடையில் எது ஒலிக்க வேண்டும் என்று தானே முடிவு செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.